ரூ.10 ஆயிரம் கட்டினால் தீர்ந்ததா?

ஊட்டியில் பொழுது சாய்ந்தால் குளிர். குளிர் என்றால் ஒரு 'கட்டிங்'. அப்புறம் ஸ்டியரிங்! சேரிங்கிராசில் போலீசார் மடக்கி மிஷினை நீட்டினால், "குளிருக்குத்தான் சார்" என்று ஒரு இளிப்பு.

குடித்தால் குளிர் போகாது என்பது டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு மாதிரி தெரியும். உள்சூடு வெளியே போய்க் கொண்டிருக்கும். அது கிடக்கட்டும், கேசுக்கு வருவோம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு பாயும். முதல் தடவைக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருஷம் வரை, 15 ஆயிரம். முன்பு முதல் அபராதம் வெறும் 2 ஆயிரம்தான். 2019 சட்டத் திருத்தம் அதை ஐந்து மடங்காக்கியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ரோட்டிலேயே பணத்தைக் கட்டிவிட்டுப் போகிற குற்றமல்ல இது. கோர்ட்டுப் படி ஏறியே ஆக வேண்டும்.

"ஊத மாட்டேன்" என்று முரண்டு பிடித்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும். குடித்தவருக்கும் சட்டம் கொடுத்திருக்கிற உரிமை அது.

சரி, இந்த 10 ஆயிரம் யாருக்கு வலிக்கிறது? கோத்தகிரிப் பக்கம் காய்கறி பிக்-அப் ஓட்டுகிறவருக்குப் பல நாள் கூலி. வீட்டில் அடுப்பு எரியாது. பெரிய காரில் மலையேறி வருகிறவருக்கு? ஓட்டலில் ஒரு ராத்திரி ரூம் வாடகை! கட்டிவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் சிரித்துக் கொண்டே இறங்கிப் போவார்.

அவருக்கு உறைக்க வேண்டுமானால் லைசென்சில் கை வைக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-லேயே சொன்னது, போதையில் ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்தி வை என்று. உள்ளூர் டிரைவருக்கு லைசென்ஸ் போனால் பிழைப்பே போகும். அவரை அப்படித் தண்டிக்கலாம் என்றால், வெளியூர் முதலாளியையும் அதே தராசில்தான் நிறுக்க வேண்டும்.

வண்டி நொறுங்கினால் இன்சூரன்ஸ் பார்த்துக் கொள்ளும் என்கிறீர்களா? டெல்லி இந்தியா கேட் அருகே 2007 டிசம்பரில் ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. டிரைவர் குடித்திருந்தார் என்று கம்பெனி பணம் தர மறுத்தது. 'ஊதிப் பார்க்கவில்லையே, ரத்தம் எடுக்கவில்லையே' என்ற வாதம் எடுபடவில்லை. கம்பெனி சொன்னதே சரி என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. போர்ஷேக்கே அந்தக் கதி!

நீலகிரியில் 2022-ல் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கினார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வாபஸ். காட்டில் யானைக் காலில் கண்ணாடி குத்தக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. நல்ல காரியம். பாட்டில் பத்திரமாகக் கடைக்கு வந்து சேர்ந்தது. குடித்தவர் எதை ஓட்டிக் கொண்டு போனார் என்று கேட்டவர் யார்?

2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது. வண்டி நம்பரைக் கேட்டார்கள். ஓட்டுகிறவரின் லைசென்ஸ் நம்பரையும் சேர்த்துக் கேட்டால் என்ன? போதைக் கேசில் லைசென்ஸ் முடங்கிய ஆளுக்கு மலையேற பாஸ் கிடையாது என்று சொல்ல, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும்.