சேமிப்புப் பெட்டியின் ஆயுட்காலம்

2021-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் விற்ற ‘மை புக் லைவ்’ என்னும் சேமிப்புப் பெட்டியைத் தம் இல்லங்களில் வைத்து, குழந்தைகளின் புகைப்படங்களையும் தொழிற்கணக்குகளையும் பல்லாண்டுகளாக அதில் சேர்த்துவந்த எத்தனையோ பேர், பெட்டி பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தும் அதனுள் தம் கோப்பு ஒன்றுகூட எஞ்சியிராததைக் கண்டு திகைத்தனர். இணையத்தின் வழியே எவரோ பிரவேசித்து, அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிட்டிருந்தனர். அவ்வாறு அழிக்குமுன் கேட்பவர் சொந்தக்காரர்தாமா என்று சோதிக்கும் வரிகள் அதன் மென்பொருளில் இருக்கத்தான் செய்தன. ஆனால் 2011-இல் செய்த ஒரு மாற்றத்தின்போது அவ்வரிகளின் முன் இரண்டு சாய்கோடுகள் இடப்பட்டு, அவை செயலிழந்து கிடந்தன. 2015-க்குப் பின் அந்தப் பெட்டிக்குத் திருத்தம் எதுவும் வெளியாகவில்லை.

களவு புகுந்த பெட்டியை மீண்டும் தம் வசப்படுத்த விரும்புவோர் முதற்கண் செய்யத்தக்கது, ரௌட்டரிலிருந்து அதற்குச் செல்லும் கேபிளை உருவிவிடுவது. அதன்பின்னும், பெட்டி தன்னைப்பற்றிச் சொல்வதை நம்பலாகாது. க்யூநாப் நிறுவனத்தின் பெட்டிகளைப் பீடித்த ‘க்யூஸ்நாட்ச்’ என்னும் தீநிரல், கடவுச்சொற்களைக் களவாடியதோடு நில்லாமல், திருத்தங்களை நாடிப் பெட்டி செல்லும் வழியையே திசைமாற்றி விட்டது. 2020 ஜூன் மத்தியில் உலகெங்கும் சுமார் 62,000 பெட்டிகள் அதன் பிடியில் இருந்ததாக அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் கூட்டாக எச்சரித்தன. அத்தகைய பெட்டியில் ஃபர்ம்வேர் என்னும் உள்மென்பொருளின் புதிய பதிப்பை எவ்வளவு சிரத்தையுடன் ஏற்ற முயன்றாலும் பிரயோஜனமில்லை. முதலில் அதை முற்றாகத் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியாக வேண்டும். வேறொரு டிஸ்கில் பிரதி வைத்திருப்பவருக்கு இது அலுப்பூட்டும் வேலை, அவ்வளவே, வைத்திராதவருக்கோ பெருந்துயரம். வெளியூரிலிருந்து பெட்டியை அடையும் பொருட்டு ரௌட்டரில் என்றோ திறந்துவைத்த போர்ட்டை அடைப்பதும், அதே கடவுச்சொல்லை வேறெங்கெல்லாம் உபயோகித்தோமோ அங்கெல்லாம் மாற்றுவதும் அடுத்து வருவன.

இவ்வளவு பாரத்தையும் வாங்கியவர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சிடப்படுகிறது. ஒரு குடும்பத்தின் நினைவுகளையெல்லாம் காக்கும் பெட்டியோ, எதுவரை காக்கும் என்று சொல்லாமலே விற்கப்பட்டுவந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தபட்சம் எதுவரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்ற விதி, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ, 2027 டிசம்பர் முதல், பொதுவாக ஐந்தாண்டுகளேனும் திருத்தம் அளிக்க வேண்டுமென்று விதிக்கிறது. ஐந்தாண்டு போதாது என்பது என் திடமான அபிப்பிராயம். டிஸ்க் சுழலும்வரை இத்தகைய பெட்டியை யாரும் தூக்கி எறிவதில்லை. எந்த நாட்டில் விற்கப்பட்டாலும், திருத்தங்கள் முடியும் தேதி அட்டையின் மீதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அத்தேதி கடந்ததும், பெட்டி தானாகவே இணையத்தைத் துண்டித்துக்கொண்டு வீட்டினுள் மட்டும் சேவை செய்யுமாறு அமைக்கும் கடமையும் உற்பத்தியாளரையே சார்ந்ததாக வேண்டும்.