எல்லாம் இரும்புதானா?

நம்மூர் ஹார்டுவேர் கடையில் போய் “எட்டுப் புள்ளி எட்டு போல்ட் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுக் கடையில் வரும் பதில், “எல்லாம் இரும்புதான் சார், எத்தனை கிலோ போடட்டும்?” என்பதுதான். கத்திரிக்காயை நிறுத்து விற்கலாம். தலைக்கு மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கப்போகும் மரையாணியையும் அப்படித்தான் விற்க வேண்டுமா? இந்த “எல்லாம் இரும்புதான்” பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. அது அறியாமை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பாதி சோம்பேறித்தனம், மீதி பேராசை.

போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். 4.6, 8.8, 10.9 என்று ஏதாவது பொறித்திருக்கும், பக்கத்தில் தயாரித்தவரின் குறியும் இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எத்தனை நியூட்டன் இழுவிசையில் அறும் என்று தெரியும். 8 என்றால் 800. பின்னால் உள்ள எண், அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வந்ததும் போல்ட் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் என்பதைச் சொல்கிறது. 800-இல் பத்தில் எட்டு, 640. இவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரையின் பள்ளத்தைக் கழித்தால் பாரம் தாங்கும் பரப்பு சுமார் 84 சதுர மில்லிமீட்டர். 4.6 ரகம் என்றால் ஏறக்குறைய இரண்டு டன் இழுவையிலேயே நீளத் தொடங்கிவிடும். 8.8 ரகம் ஐந்தரை டன் வரை அசையாது. பருமன் ஒன்று, பளபளப்பு ஒன்று, ஸ்பேனர்கூட ஒன்றே. வித்தியாசம் தலையில் பொறித்த அந்த எண்ணில் மட்டும்தான். எதுவுமே பொறிக்காத போல்ட் என்றால்? அதன் பலம் கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நம் ஃபிட்டர்கள் இன்னும் “நாலு நூல் போல்ட்” என்றுதான் கேட்கிறார்கள். நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் 12.7 மில்லிமீட்டர், மரை இடைவெளியும் வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு போல்ட் ‘பூலோன்’, நட் ‘எக்ரு’. மெட்ரிக் மரையை 1898-இல் ஜூரிக் மாநாட்டில் பல நாட்டினர் கூடி ஏற்றபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது பிரெஞ்சு மரையைத்தான். அந்தப் பெருமையை விடுங்கள். நாம் மெட்ரிக் அளவை 1956-இலேயே சட்டமாக்கியும், இஞ்ச் போல்ட்டில் மெட்ரிக் நட்டைத் தட்டி ஏற்றும் வழக்கம் மட்டும் ஒழியவில்லை. ஏறிவிட்டால் போதும் என்கிறார்கள். மரை கழன்ற வேலை என்பது இதுதான்!

“கண்ணால் பார்த்தாலே எனக்குத் தெரியும் சார்” என்று சொல்லும் கெட்டிக்காரர்களுக்காக ஒரு சம்பவம். 1990 ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். பதினேழாயிரம் அடி உயரத்தில் விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தது தெய்வாதீனம். காரணம் என்ன? முந்தின நாள் இரவு மாற்றிய 90 போல்ட்களில் 84 சற்றே மெலிந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, மூன்றில் இரண்டு பங்குதான். ஸ்டோர் ஊழியர் சரியான அளவைச் சொல்லியும், பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார் அனுபவசாலி ஒருவர்.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஷெட், தொட்டி ஸ்டாண்ட் என்று எத்தனையோ விலைப்புள்ளிகளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்திருக்கிறேன். ஆங்கிள் எத்தனை மில்லிமீட்டர், பெயின்ட் எத்தனை கோட் என்றெல்லாம் இருக்கும். கடைசி வரி மட்டும் “போல்ட், நட், வாஷர் உட்பட” என்று முடிந்துவிடும். எந்த ரகம் என்று இருக்காது. குறைந்த விலைக்காரர் எங்கே குறைத்தார் என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஊர்த் தேருக்கு மட்டும் நாம் எவ்வளவு உஷார்! ஓட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பார்த்து உறுதிச் சான்று தரவேண்டும். அச்சாணி முதல் முட்டுக்கட்டை வரை ஆள் பார்க்கிறார்கள். அதே தேர் பார்க்க ஜனங்கள் ஏறி நிற்கும் மாடித் தகரக் கொட்டகையில் என்ன போல்ட் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

சிலர் இதற்கு நேர் எதிர். “காசு போனாலும் போகட்டும், இருப்பதிலேயே உசத்தி போடு” என்று 12.9 ஆலன் போல்ட்டாக வாங்கி மொட்டைமாடியில் போடுகிறார்கள். அதுவும் தப்பு. பலம் ஏற ஏற எஃகு முறுக்கேறிய மனிதர் மாதிரி, வளையாமல் ஒரேயடியாக முறியும். துருவும், முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜனும் அதற்கு எமன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பாலத்தில் 2013-இல் முறுக்கி வைத்த 96 உயர்பல எஃகுக் கம்பிகளில் 32 சில நாளிலேயே முறிந்தன. அமெரிக்காக்காரனிடம் பணம் இல்லாமலா? எஸ்.எஸ். போல்ட் பளபளப்பதால் பலசாலி என்று நம்புவோரும் உண்டு. கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகம் துருவுக்கு நல்லது. பலத்தில் 8.8-க்குக் கீழேதான்.

ஜன்னல் கொக்கிக்கும் கேட்டுக்கும் 4.6 தாராளம். தொட்டி ஸ்டாண்ட், சோலார் பலகைச் சட்டத்தின் கால், ஊஞ்சல், இவற்றுக்கு முலாம் பூசிய 8.8 கேளுங்கள். நட்டிலும் 8 என்று இருக்கிறதா பாருங்கள். 8.8 போல்ட்டுக்கு ஒன்றுமில்லாத நட்டைப் போட்டால் மரை உரிந்துகொண்டு வரும், கொடுத்த காசு வீண். முறுக்குவதும் முக்கியம். தளர்ந்த போல்ட் எந்த ரகமானாலும் ஆடி ஆடியே அறும். தானே புயலும் ஃபெஞ்சலும் வந்துபோன வட்டாரம் நம்முடையது, காற்று அடியிலிருந்து தூக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆகும்தான். ஒரு தொட்டி ஸ்டாண்டுக்கு வேண்டியது பதினாறோ இருபதோ போல்ட், அதில் எவ்வளவு மிச்சம் பிடித்துவிடப் போகிறோம்? வாஷரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அதிலும் நிறைய வயிற்றெரிச்சல் இருக்கிறது.