உள்ளிருந்து விளையும் கவசம்

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் அலுமினியத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், நம் பண்டைப் புலவர்கள் கொல்லன் உலைக்களத்தையும், குயவன் திகிரியையும், உமணர் வண்டியின் அச்சையும் பாட வெட்கப்பட்டாரல்லர். தம் காலத்துத் தொழிலை அருகிருந்து பார்த்தார்கள். அதனால் அவர்களுக்கு உவமை பஞ்சமின்றிக் கிடைத்தது. நாமோ நம் காலத்துத் தொழிலைப் பார்ப்பதில்லை. பார்க்கின்ற பிள்ளைகளுக்கும் அதன் காரணத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்தக் குறையைப் பற்றியதே இக்கட்டுரை. அதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, கடைந்தெடுத்த அலுமினிய உறுப்புகளின் மேல் செய்யப்படும் அனோட்டாக்கல் என்னும் வினையை எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்துப் பூனாகலைத் தோட்டத்தில், லயத்து அடுப்படி ஒவ்வொன்றிலும் அலுமினியம் இருக்கிறது. தேநீர் காய்ச்சும் கேத்தல், சோறு வடிக்கும் சட்டி, மலைக்குக் கொண்டு செல்லும் சாப்பாட்டுப் பாத்திரம் யாவும் அதுவே. அடுப்படியை விட்டு வெளியே வந்தாலும் அது நம்மை விடுவதில்லை. மலைச்சரிவின் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து நிற்கிறது. பெரும்பாலான பயிர்களுக்கு அது வேரைக் கருக்கும் நஞ்சு. தேயிலைச் செடியோ அதை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கிறது. இளங்கொழுந்தில் அது மிகக் குறைவு. செடியின் அடியில் கிடந்து முதிரும் இலையிலே மிகுதி. ஆக, கொழுந்து பறிக்கும் பெண்ணின் கால் படும் மண்ணிலும், கை படும் செடியிலும், மாலையில் அவள் அடுப்பில் ஏற்றும் பாத்திரத்திலும் ஒரே தனிமம் குடியிருக்கிறது. இவ்வுண்மையை அத்தோட்டத்து மாணவனுக்குச் சொன்னால் அவன் இரசாயனவியலை அந்நியர் வீட்டுப் பொருளாக எண்ணுவானா?

இனி வினைக்கு வருவோம். அலுமினியம் உண்மையில் அடக்கமான உலோகம் அன்று. ஒட்சிசனோடு சேர்வதற்கு அது இரும்பைக் காட்டிலும் விரைவது. அப்படியிருந்தும் இரும்பு துருவேறி உதிர, அலுமினியம் மட்டும் வெள்ளியைப்போல் நிலைத்திருப்பது ஏன்? இரும்பின் துரு பொருமி உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கிறது. அலுமினியத்தின் ஒட்சைட்டோ உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, மேற்கொண்டு காற்று நுழையாதபடி வாயிலை அடைத்துவிடுகிறது. வெட்டிய முகத்தில் அது தானாகவே, கண்ணிமைப்பதற்குள் படிகிறது. ஆனால் அதன் தடிப்பு மிகச் சொற்பம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் நாலைந்து கூறளவே தேறும். அமிலமும் காரமும் அதை எளிதிற் கரைத்துவிடும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுதும் வைக்கலாகாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது மூடநம்பிக்கையன்று. புளியின் அமிலம் அந்த மெல்லிய காவலை அரித்துவிடும் என்பதையே அவர்கள் அனுபவத்தால் அறிந்து சொன்னார்கள்.

இந்த இயற்கைக் காவலை மனித முயற்சியால் ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பாக்குவதே அனோட்டாக்கல். இது பெருந்தொழிலாகப் பயன்படத் தொடங்கியது பிரித்தானியாவில். கடல்நீரில் இறங்கி எழும் விமானங்களின் அலுமினியக் கலப்புலோக உறுப்புகளை உப்பு அரித்துத் தின்றது. அதைத் தடுக்க 1923ஆம் ஆண்டில் பெங்கோ, ஸ்டுவர்ட் என்னும் இருவர் குரோமிக்கமிலத்தைக் கொண்டு ஒரு முறையை வகுத்தனர். சில ஆண்டுகளில், 1927இல், சல்பூரிக்கமில முறை வந்தது. இன்று பெருவழக்காக இருப்பது இப்பின்னையதே.

முறை எளிதில் விளங்கக் கூடியது. கடைந்தெடுத்த உறுப்பை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, காரத்தில் தோய்த்து, மீண்டும் கழுவி, நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை சல்பூரிக்கமிலம் கொண்ட தொட்டியில் தொங்கவிடுவர். தொட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். மின்கலத்தின் நேர்முனை அவ்வுறுப்போடு இணைக்கப்படும். அதாவது உறுப்பே அனோட்டு ஆகிறது. வினைக்கு அப்பெயர் வந்ததும் அதனாலேயே. 12 முதல் 20 வோல்ற்று வரையிலான நேரோட்ட மின்சாரம் பாயும்போது, நீரிலுள்ள ஒட்சிசன் உறுப்பின் முகத்திலேயே அலுமினியத்தோடு கூடுகிறது. எதிர்முனையில் ஐதரசன் குமிழியாக எழுகிறது. அரைமணி, முக்கால்மணி நேரத்தில் பத்து முதல் இருபத்தைந்து மைக்கிரோன் வரை கவசம் வளர்ந்துவிடும். மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொட்டியைப் பனிக்கட்டியின் குளிருக்கு அருகே வைத்து, மின்னழுத்தத்தை உயர்த்தினால், இன்னும் தடித்த, இன்னும் கடினமான கவசம் கிடைக்கும். கொழும்புக் கடைகளில் கருஞ்சாம்பல் நிறத்தில் விற்கும் கடினமேறிய சமையற் சட்டிகள் இவ்வழியில் வந்தவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமிலம் ஒருபுறம் ஒட்சைட்டை வளரவிடுகிறது; மறுபுறம் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கவும் செய்கிறது. இவ்விரண்டின் இழுபறியில் கவசம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் தோன்றுகின்றன. தேனடையின் அறைகளைப்போல் அறுகோணமாக அடுக்கிய அறைகள்; ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு துளை. இத்துளைகள் சாயத்தை உறிஞ்சும். ஆதலின் சிவப்பு, நீலம், பொன்னிறம், கருமை என வேண்டிய வண்ணத்தை ஏற்றலாம். இறுதியில் கொதிநீரில் இட்டால் ஒட்சைட்டு நீரேற்றுப் பருத்துத் துளைகளின் வாயை மூடிக்கொள்ளும். சாயம் உள்ளே சிறைப்படும். மூடுதலைச் சரியாகச் செய்யாத கவசம் வண்ணத்தையும் இழக்கும், அரிப்பையும் தடுக்காது.

இக்கவசத்தின் குலத்தைச் சொன்னால் மாணவர் வியப்பர். ஊவாவின் மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டியவிலும், அயலிலே இரத்தினபுரியிலும் மண்ணைக் கிளறி எடுக்கும் நீலக்கல்லும் அலுமினிய ஒட்சைட்டே. நீலக்கல் படிகமாய் ஒழுங்குபட்டு நிற்பது. கவசத்தின் ஒட்சைட்டு அவ்வொழுங்கு இல்லாதது. ஆகவே கடினத்தில் கல்லுக்கு நிகராகாது. கல்லின் நீலம் அதனுள் கலந்த இரும்பாலும் தைத்தானியத்தாலும் வந்தது. கவசத்தின் நீலம் துளையில் புகுந்த சாயத்தால் வருவது. இவ்வேறுபாடுகள் இருப்பினும் இரண்டும் ஒரே கூட்டுப்பொருள். அடுப்படிச் சட்டியும் ஆபரணக் கல்லும் ஒரு குடும்பம் என்பது பாடநூலில் ஒரு வரியாய் நிற்க வேண்டிய செய்தியா, வகுப்பறையில் ஒரு நாழிகை பேச வேண்டிய செய்தியா?

பொருளின் உயிர்நிலை இனிமேல்தான் வருகிறது. வர்ணம் பூசுவது வேறு, அனோட்டாக்குவது வேறு. வர்ணம் வெளியிலிருந்து வந்து மேலே ஒட்டுவது, ஆதலால் உரிந்துபோகும். இக்கவசமோ உலோகத்தின் சொந்த உடலை உண்டு வளர்வது. அதன் தடிப்பில் ஒரு பகுதி உள்நோக்கியும், ஒரு பகுதி வெளிநோக்கியும் செல்கிறது. கடினக் கவசமாயின் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. இதன் விளைவைக் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞன் அறியாதிருந்தால் நேரும் கதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு தண்டும் அது நுழைவதற்கான துளையும் உள்ளன. இரண்டுக்கும் இடையே மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு இடைவெளி விட்டுக் கடைந்தான் என்று கொள்வோம். தண்டுக்கு 50 மைக்கிரோன் கடினக் கவசம் ஏற்றினால் ஒவ்வொரு பக்கமும் 25 மைக்கிரோன் வெளியே வளரும்; விட்டத்தில் நூற்றில் ஐந்து பங்கு கூடும். நேற்று வழுக்கிச் சென்ற தண்டு இன்று துளையில் நுழையாது. துளைக்கும் கவசம் ஏற்றினால் அது மேலும் குறுகும். திருகாணிப் புரியிலோ கேடு பின்னும் பெரிது. புரியின் சரிவு காரணமாக, முகத்தில் வளர்ந்த தடிப்பைப்போல் நான்கு மடங்கு அதன் இடைவிட்டம் மாறுகிறது. 25 மைக்கிரோன் வளர்ந்தால் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு மாறிவிடும்.

ஆகவே, வரவிருக்கும் கவசத்துக்கு இடம் விட்டே முதலில் கடைய வேண்டும். எவ்விடத்துக்குக் கவசம், எவ்விடத்தை மறைத்து விடுவது என்பதை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். கவசம் மின்சாரத்தைக் கடத்தாது. மண்ணிணைப்புக் கொடுக்க வேண்டிய இடத்தை மறைக்காமல் விட்டால் பின்னர் சுரண்ட நேரும். கூரிய விளிம்பில் கவசம் இருபுறமும் விலகி வளர்ந்து வெடிக்கும். ஆதலின் விளிம்பை முன்னரே மழுக்க வேண்டும். உறுப்பைத் தொட்டியில் பிடித்துத் தொங்கவிட்ட இடத்தில் கவசம் படியாது. அந்த வடு எங்கே விழலாம் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். செம்பு மிகுந்த கலப்புலோகத்தில் கவசம் நலிந்தே வளரும். சிலிக்கன் மிகுந்த வார்ப்பு கருஞ்சாம்பலாகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கவசம் எந்தக் கீறலையும் மறைக்காது. கடைசலில் விழுந்த கோட்டை வர்ணம் மூடிவிடும். அனோட்டாக்கல் அதனை ஊருக்குப் பறைசாற்றும்.

இதையெல்லாம் நான் விரித்துச் சொல்வதன் நோக்கம் என்ன? இவற்றுள் எதுவும் தமிழில் சொல்ல இயலாதது அன்று என்று காட்டுவதற்கே. 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உயர்தர வகுப்புக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்திருக்கிறது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புப் புறநகர்த் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். அங்கே பட்டறையில் அவர்களுக்குக் கிடைப்பது “இப்படிச் செய்” என்னும் கட்டளை. “இதனால் இப்படி” என்னும் காரணம் கிடைப்பதில்லை. காரணம் அறியாதவன் எத்தனை ஆண்டு உழைத்தாலும் உதவியாளாகவே இருப்பான். அறிந்தவனே வரைபடத்தைத் திருத்தும் தகுதி பெறுவான். கூலியில் தோன்றும் வேற்றுமையும் இங்கிருந்தே தொடங்குகிறது. மொழியறிவு சோறு போடுமா என்று கேட்பவர்க்கு இதுவே என் விடை.

கலைச்சொல் இல்லை என்று சாக்குச் சொல்வதும் பொருந்தாது. அனோட்டு என்று இலங்கையிலும், நேர்மின்வாய் என்று தமிழ்நாட்டிலும் வழங்குகிறோம். எதைக் கொண்டாலும் குற்றமில்லை. இரண்டையும் மாணவன் அறிந்திருப்பதே நன்று. சொல்லைப்பற்றி வழக்காடிக்கொண்டு பொருளைக் கைவிடுவதே குற்றம். நம்மவர் பலர் அழகான சொல்லொன்றை ஆக்கிவிட்டால் அறிவியலையே ஆக்கிவிட்டதாக மகிழ்கின்றனர். அது வர்ணம் பூசுவது போன்றது.

“ஊவாவில் அலுமினியத் தொழிற்சாலை எங்கே? இல்லாத தொழிலைக் கற்பித்து என்ன பயன்?” என்று சிலர் கேட்பர். அவர்களுக்குச் சென்னையின் கதையைச் சொல்வேன். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் முளைத்தது பெரிய ஆலையில் அன்று, சென்னைக் கலைப்பள்ளியில். 1898ஆம் ஆண்டளவில் அல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆசிரியர் அங்கே அந்த முயற்சியைத் தொடங்கினார். தொழில் வேரூன்றியபின் அது தனியார் நிறுவனத்திடம் சென்றது. மேட்டூரில் 1965இல் அலுமினிய ஆலை உற்பத்தி தொடங்கியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே. இன்று மேட்டூரில் உலோகம் உருக்கப்படுவதில்லை. ஆனால் கலைப்பள்ளி மூட்டிய பாத்திரத் தொழில் தமிழ்நாடெங்கும் பரந்து கிடக்கிறது. தொழில் வந்தபின் கல்வி வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி முன்னே நடந்தால் தொழில் பின்னே வருவதும் உண்டு. ஓவியமும் சிற்பமும் கற்பித்த கூடத்தில் உலோகத்துக்கு இடம் இருந்தது என்பதை, இப்பக்கத்தில் அலுமினியம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நினைவிற் கொள்வாராக.

ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் பெரிதன்று. அமிலத் தொட்டியை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அமிலம் விளையாட்டுப் பொருளன்று. தக்க கூடமும் மேற்பார்வையும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே கூடாது. வீட்டுச் சட்டியொன்றையும், கடினமேறிய சட்டியொன்றையும், பழைய யன்னற் சட்டத்துண்டொன்றையும் மேசைமீது வையுங்கள். மின்விளக்கும் மின்கலமும் கொண்டு எந்த முகம் மின்சாரத்தைக் கடத்துகிறது, எது கடத்தவில்லை என்று மாணவரே தொட்டுப் பார்க்கட்டும். கண்டதைத் தம் சொந்தத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். அப்பக்கத்தை மொழியாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்திருந்து திருத்தட்டும். தமிழ்ப் பாடத்துக்கும் விஞ்ஞான பாடத்துக்கும் இடையே எழுப்பிய சுவர் அன்றைக்கு ஒரு கல்லாவது பெயரும்.

மலையக மக்களை உயர்த்தப் போவதாகச் சொல்லி அவ்வப்போது மேலிருந்து பூசப்படும் வர்ணங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். ஒரு மழைக்காலம் போனதும் அவை உரிந்துவிடுகின்றன. நிலைத்து நிற்பது அம்மக்கள் தம் கையறிவிலிருந்து வளர்த்துக்கொள்ளும் அறிவே. அது வளரும்போது கொஞ்சம் உள்ளே செல்லும், கொஞ்சம் வெளியே தெரியும். அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டு நம் பள்ளிகளை அமைத்திருக்கிறோமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. இடம் விடாமல் கடைந்துவிட்டுப் பிறகு பொருந்தவில்லையே என்று பிள்ளைகளைக் குறை கூறுவது தொழிலறிந்தார் செய்யும் செயலன்று.