சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் பெரியோர். இன்றோ, சித்திரத்தை வைத்துக்கொண்டு சுவரை அழித்துவிடும் விந்தை நம் கைக்கு வந்துவிட்டது! புகைப்படத்தில் ஆளை மட்டும் நிறுத்திவிட்டு, பின்னால் உள்ள அனைத்தையும் சில நொடிகளில் நீக்கிவிடுகிறது கணினி. இப்பணிக்கென்றே ஆஸ்திரிய நாட்டில் உருவான ரிமூவ் பி.ஜி. என்னும் இணையதளம் 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2022-இல் ஆப்பிள் கைப்பேசிகளிலும் இவ்வசதி வந்தது. விண்ணப்பப் படம் முதல் திருமண அழைப்பிதழ் வரை இன்று எங்கும் இதன் கைவண்ணமே. ஆனால், எல்லாப் படங்களும் இதற்கு ஏற்றவையா? இல்லை என்பதே எங்கள் கருத்து.

இக்கருத்து எங்களுக்குப் பட்டறிவால் வந்தது. இம்மலருக்காக மாணவியரின் படங்களை எடுத்தோம். வெள்ளைச் சீருடை, பின்னால் வெள்ளையடித்த சுவர். பின்னணியை நீக்கினோம். ஒருத்திக்குத் தோளைக் காணோம்! மற்றொருத்தியின் இரட்டைச் சடையில் ஒன்று, சுவரில் விழுந்த நிழலோடு சேர்ந்து பருத்துப் போயிற்று. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகுதான் சிந்தித்தோம். பிழை கணினியுடையதா, படத்தைத் தேர்ந்த எங்களுடையதா?

கணினிக்கு நம்மைப் போல் ஆளைத் தெரியாது. மனிதர் ஓரம் வரைந்து பிரித்துக் காட்டிய எண்ணற்ற படங்களைக் கொண்டு அதனைப் பழக்கியிருக்கிறார்கள். அப்பழக்கத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உருவமா, பின்னணியா என்று அது கணிக்கிறது. நிறமும் ஒளியும் வேறுபட்டால் கணிப்பு எளிது. இரண்டும் ஒன்றானால் அதுவும் தடுமாறும். மெல்லிய தலைமுடி, வலைத் துப்பட்டா, கண்ணாடித் தம்ளர் ஆகியவற்றில் பின்னணியும் ஊடே தெரிவதால் தடுமாற்றம் மிகும்.

ஆகவே தோழியரே, வெள்ளை உடைக்கு நிறமுள்ள சுவரைத் தேடுங்கள். சுவரை ஒட்டி நில்லாமல் மூன்று நான்கு அடி தள்ளி நின்றால் நிழல் விழாது. உச்சி வெயில் வேண்டா. தாழ்வார வெளிச்சம் போதும். அடுத்தவர் கை நம் தோள்மீது கிடக்கும் படமும், விரல் நுனியோ சடையோ ஓரத்தில் வெட்டுப்பட்ட படமும் ஆகா. வாட்ஸ்அப்பில் பலர் கை மாறி மங்கிய பிரதியை விட்டு, முதலில் எடுத்த படத்தையே கொள்ளுங்கள். நீக்கியபின் கறுப்புப் பின்னணியில் ஒரு முறை, வெள்ளையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒளிந்த குறை வெளிப்பட்டுவிடும்.

இவையெல்லாம் கைத்திறன். இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நீக்குவதற்கு முடிந்தாலும், நீக்கத்தான் வேண்டுமா?

நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை எண்ணிப் பாருங்கள். முதலாம் இராசேந்திர சோழன் எடுத்த அக்கோயிலின் வடபுறத்தில், சிவபெருமான் சண்டேசரின் தலையில் மாலை சூட்டும் புகழ்பெற்ற சிற்பம் உள்ளது. உருவமும் கல், பின்னணியும் அதே கல்! எங்கே சுவர் முடிகிறது, எங்கே சித்திரம் தொடங்குகிறது? சாய்ந்து விழும் வெயிலின் நிழலே அதனை நமக்குப் பிரித்துக் காட்டுகிறது. அதனைக் கத்தரித்து எடுத்தால் சிற்பியின் கலையையே கத்தரித்தவர் ஆவோம்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. 18 மீட்டர் நீளமுடையது. அதன் படத்தில் பின்னணியை நீக்கிவிட்டால், அது 18 மீட்டரா, 18 அங்குலமா என்று யார் சொல்வார்? அருகில் நிற்கும் மனிதரும் வேலியுமே அதன் பெருமைக்குச் சாட்சி.

மனிதருக்கும் இப்படியே. எங்கள் தோழி ஒருத்தி, மறைந்த தந்தையின் படத்தைக் கொண்டுவந்தாள். அவரைத் தனியே காட்டும் படம் அது ஒன்றே. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் முன் நிற்கிறார்; தோளில் வெள்ளைத் துண்டு. வீட்டில் மாட்டுவதற்காக, லாரியை நீக்கி நீல வானம் வைத்துத் தரச் சொன்னாள். செய்து கொடுத்தோம். மறுநாள் அவள் தாயாரே பள்ளிக்கு வந்துவிட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குங்கம்மா. ஆனா அந்த லாரி இருக்கட்டும். அதை ஓட்டித்தானே இவளைப் படிக்க வச்சாரு" என்றார். தோழி தலைகுனிந்தாள்; நாங்களுந்தான். நல்ல வேளை, மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருந்தோம்.

பெற்றோர்களே, விண்ணப்பத்திற்கு வெண்பின்னணி கேட்டால் கொடுப்போம். திருத்திய படத்தை ஏற்காத இடங்களும் உண்டு, விதியைப் படித்துவிட்டுக் கொடுப்போம். முகம் அறியாத இணையதளங்களில் பெண்பிள்ளைகளின் படங்களை ஏற்றாதிருப்போம். எதை நீக்கினாலும் மூலத்தைப் பத்திரமாக வைத்திருப்போம்.

தோழியரே, ஓட்டு வீடும், சோளக்கொல்லையும், உழைத்த வண்டியும் நம் படத்தில் தெரிந்தால் நாணம் எதற்கு? குப்பைக்கூடையை நீக்குங்கள், குறுக்கே வந்த மின்கம்பியை நீக்குங்கள். நம்மை ஆளாக்கியதை நீக்குமுன் மட்டும் ஒரு நொடி நின்று எண்ணுங்கள். அதை எண்ணிப் பார்க்கக் கணினிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.