வேட்டை ஓவியங்கள்

ஐரோப்பிய நாடுகளில் வேட்டை நெடுங்காலம் மன்னரும் செல்வரும் விரும்பிய விளையாட்டாக விளங்கியது. குதிரைமீது அமர்ந்து அவர்கள் விரைவர், வேட்டை நாய்கள் முன்னே பாயும், ஊதுகொம்பு முழங்கும். இக்காட்சியை ஓவியர் பலர் வண்ணத்தில் தீட்டினர். அவ்வோவியங்களைக் காண்பார் கைத்திறனை மட்டும் கண்டு மகிழ்தல் போதுமா? போதாது. அவை யார் கண்கொண்டு தீட்டப்பட்டவை என்பதனையும் ஆராய்தல் வேண்டும்.

இத்தாலிய ஓவியர் பாவ்லோ உச்செல்லோ, 1470ஆம் ஆண்டளவில் மரப்பலகையில் வரைந்த ‘காட்டில் வேட்டை’ என்னும் ஓவியம் ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இருண்ட காட்டினுள் குதிரைகளும் நாய்களும் விரைகின்றன. அண்மைப் பொருள் பெரிதாகவும் சேய்மைப் பொருள் சிறிதாகவும் தோன்ற வரையும் முறையில் உச்செல்லோ வல்லவர். ஆதலின் அனைத்தும் காட்டின் நடுவே ஒரு புள்ளியை நோக்கி ஓடுவனபோல் தோன்றுகின்றன. காண்பார் கண்ணும் உடன் ஓடுகிறது. மான்களோ சிற்றுருவங்களாய் இருளில் மறைகின்றன. காண்பவர் தம்மை அறியாமலே வேட்டையாடுவோருள் ஒருவராகி விடுகிறார்.

பிரான்சு நாட்டு மன்னர் 14ஆம் லூயி, தம் வேட்டை நாய்களை ஓவியமாகத் தீட்டுமாறு பிரான்சுவா தேபோர்த் என்பாரைப் பணித்தார். 1702ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட அவ்வோவியங்களில் நாய்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. நாய்க்குப் பெயர் உண்டு. அது துரத்தும் உயிர்க்குப் பெயர் இல்லை. ஓவியத்திற்குப் பொருள் தந்தவர் வேட்டைக்கு உரியவர் அல்லரோ!

இவற்றினின்றும் வேறானது, பீட்டர் பிரூகல் 1565ஆம் ஆண்டில் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்’. வியன்னா நகரில் உள்ள இவ்வோவியத்தில் குதிரை வீரர் இல்லை. வேடர் மூவர் முதுகு காட்டிச் சோர்ந்து நடக்கின்றனர், நாய்களும் தளர்ந்துள்ளன, கோலில் தொங்குவது ஒரே ஒரு நரி. கீழே ஊரார் உறைந்த நீர்நிலையில் சறுக்கி விளையாடுகின்றனர். இங்கே வேட்டை, வீரச்செயல் அன்று. கடுங்குளிரில் வயிறு வளர்க்கும் உழைப்பு. வேட்டையின் ஆரவாரத்தைக் காட்டும் ஓவியங்களினும் அதன் உண்மையைக் காட்டும் இவ்வோவியமே உயர்ந்தது எனலாம்.

காலம் மாறிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களை ஏவிக் காட்டு விலங்குகளை வேட்டையாடுதலை, சில விலக்குகள் நீங்கலாக, 2004ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. எனின், பழைய வேட்டை ஓவியங்களை மறைத்துவிடல் வேண்டுமோ? வேண்டா. மறைத்தால் கலையும் மறையும். முன்னோர் மனநிலையை அறியும் வழியும் அடைபடும். அவற்றை முழுமையாகக் காணக் கற்பதே தக்கது. குதிரையின் எழிலை வியக்கும் கண், இருளில் ஓடும் மானையும் தேடுதல் வேண்டும். அழகை அறிவது கலையறிவு. அழகின் நடுவே ஓருயிரின் துன்பத்தையும் உணர்வதே நிறைந்த கல்வியாம்.