ப்ராசசரில் கொட்டிய காசு

"காசை ப்ராசசர்ல போடுங்க, மத்ததெல்லாம் சும்மா." கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் பத்து வருடமாக இதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் விற்ற காசில் பிள்ளைக்கு வாங்கித் தருகிற வீடுகள் இதை நம்பித்தான் ஏமாறுகின்றன. இனியும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"ஐ7 என்றால் ஐ7தான்" என்கிறார்கள். எந்த வருடத்து ஐ7? மலிவாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் நான் அடிக்கடி பார்ப்பது 2012-இல் வந்த ஐ7-3770. நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு, அதே எட்டு. வேகத்திலோ பழைய ஐ7 அதன் கிட்டே நெருங்க முடியாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 3770-இல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

கிராபிக்ஸ் கார்டு கட்டாயமாம். படிக்கிற பிள்ளைக்கும் டேலி போடுகிறவருக்கும் ப்ராசசருக்குள் இருப்பதே போதும். ப்ராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அது இருக்காது, பார்த்து வாங்குங்கள்.

எனக்கு ஆறாத கோபம் அடுத்ததில்தான்: "எஸ்.எம்.பி.எஸ். எதுவா இருந்தா என்ன, யு.பி.எஸ். இருக்கே." விலைச்சீட்டைப் பாருங்கள், 'கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்.' என்று ஒரே வரி. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தருகிற அது, கேபினெட்டோடு சும்மா வருகிற பெட்டி. மேலே 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. என் வீட்டில் வெடித்ததன் லேபிளை அப்புறம்தான் படித்தேன்: 12 வோல்ட் லைனில் 15 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட்ஸ். ப்ராசசரும் கார்டும் தின்பது அந்த லைனில்தான். போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. ஐ7 பிழைத்தது, சொருக போர்டு இல்லை.

மும்முனை கரண்ட் வந்ததும் எங்கள் காட்டு மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். கிளம்பும் நொடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் குறையக் குறைய எஸ்.எம்.பி.எஸ். கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். மட்டமானதில் கெபாசிட்டர் உப்பும். வீட்டு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறவே சில மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்க வேண்டியதும் அதே எஸ்.எம்.பி.எஸ்.தான். நல்லது 16 மில்லிசெகண்டாவது தாங்கும். மட்டமானது தாங்காமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது "யு.பி.எஸ். பழுது" என்று கடைக்காரர்கள் இன்னொரு செலவு வைக்கிறார்கள்.

'80 பிளஸ்' முத்திரை உள்ள எஸ்.எம்.பி.எஸ்., ஒரு எஸ்.எஸ்.டி., மிச்சத்துக்கு ஐ3. நான் கேட்பது இவ்வளவே.

இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று கேபினெட்டையே மாற்றிக்கொண்டு வருகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டரில் கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் தகட்டில் நிற்கிறது. வீட்டுக்கு எர்த் இல்லை. கொல்லையில் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்குங்கள் என்று அந்தக் கடைக்காரர்களில் ஒருவராவது இதுவரை சொல்லி நான் கேட்டதில்லை.