எல்லார்க்கும் திறக்கும் படிவம்

காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரியும் பகுதியில் அமைந்த பேரூர் திருக்காட்டுப்பள்ளி. அங்குள்ள நெல் உழவர்க்குப் பயிர்க்கடன், பயிர்க்காப்பீடு, நெல் கொள்முதல் என ஒவ்வொன்றிற்கும் சிட்டாவும் அடங்கலும் படிவங்களும் வேண்டும். முன்பு அவை தாளில் இருந்தன. எழுதத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் போதுமானது. இன்று அவற்றுள் பல மின்வடிவம் பெற்றுள்ளன. அலைச்சல் குறைந்தது உண்மையே. எனினும், படிவம் கைப்பேசிக்கு வந்து சேர்வது வேறு; அது திறப்பது வேறு.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் தத்தமக்குரிய குறியேற்ற முறையைப் பின்பற்றின. ஓர் அலுவலகத்தில் தட்டெழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றியது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒரு பொதுத்தரம், பெறுபவரின் சுமையைக் குறைத்தது.

எழுத்துக்குக் கிடைத்த அத்தீர்வு படிவத்திற்கும் வேண்டும். 1993இல் உருவான பிடிஎஃப் வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் எளிய கோப்புகளைப் பெரும்பாலான திறன்பேசிகளில் படிக்கலாம். ஆயினும், நிரப்புவதற்கென அமைக்கப்படும் சில படிவங்கள் குறிப்பிட்ட மென்பொருளில் மட்டுமே திறக்கின்றன. அம்மென்பொருள் இல்லாதவர்க்கு வெற்றுப் பக்கமே எஞ்சுகிறது.

பிழைகளை உடனே கண்டறிய அத்தகைய மென்பொருள் தேவை என்பர் சிலர். இயலாதவர் இ-சேவை மையத்தை நாடலாம் என்பர் வேறு சிலர். பிழை களைவது நன்றே. அதனை இணைய உலாவியில் இயங்கும் படிவமும் செய்யும். இ-சேவை மையமும் பயனுடையதே. ஆனால், விரும்பிப் பெறும் உதவி வேறு; வேறு வழியின்றி நாடும் உதவி வேறு. காப்பீட்டுக்கான இறுதிநாள் நெருங்குகையில் திறவாத கோப்பு, ஓர் உழவரின் பருவ உழைப்பையே பாதுகாப்பின்றி நிறுத்திவிடும்.

எனவே, படிவத்தைத் திறக்கச் செய்யும் பொறுப்பு அதனை வழங்குபவருடையது. வெளியிடுமுன் விலை குறைந்த கைப்பேசியில் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். தமிழை ஒருங்குறியில் அமைத்தல் வேண்டும். தாள்வழியையும் மூடாதிருத்தல் வேண்டும். தலைமடையில் நீர் நிறைந்ததைக் கண்டு பாசனம் முடிந்தது என்று டெல்டா உழவர் எவரும் கூறுவதில்லை. கடைமடை வயல் நனைந்ததா என்றே கேட்பர். மின்னாளுகையையும் அக்கேள்வியாலேயே அளத்தல் வேண்டும்.